கார்லோவி வாரியில் ‘ஸ்டெஃபனி கோபுரம்’ என்பது எது?

தண்ணீர்மலை வாசகி (பினாங்கு) கேட்டது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளுக்கும் நடுவே கிடந்த ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து, 12 வெள்ளி கொடுத்து ஓர் அஞ்சலட்டையை வாங்கினேன். ஊசியிலை மரங்கள் அடர்ந்த குன்று ஒன்றின் உச்சியில் உயரமான கோபுரம் நிற்பதாகப் படம். அதன் கீழே ஜெர்மன் மொழியில் ‘கார்ல்ஸ்பாட், ஸ்டெஃபனிவார்ட்டே’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கார்ல்ஸ்பாட் என்பது இன்றைய செக் நாட்டில் கார்லோவி வாரி என்று வழங்கும் வெந்நீரூற்று நகரம் என்பது வரை நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

என் இளைய மகள் பிராக் நகரில் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் தோழிகளோடு கார்லோவி வாரிக்குப் போகப் போவதாகச் சொன்னதும், அட்டையில் உள்ள அதே கோபுரத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. வரைபடத்தில் அந்த நகரைச் சுற்றியுள்ள குன்றுகளின் மேல் டயானா கோபுரம், கோத்தே கோபுரம், நான்காம் சார்லஸ் கோபுரம் என்று மூன்று இருக்கின்றன. ஸ்டெஃபனியின் பெயரில் ஒன்றுகூட இல்லை. மகளோ, “எல்லாரும் மலை ரயிலில் ஏறிப் போய்ப் பார்க்கும் டயானா கோபுரமாகத்தான் இருக்கும் அம்மா. ஸ்டெஃபனியும் இளவரசி, டயானாவும் இளவரசி, பிற்காலத்தில் பெயரை மாற்றியிருப்பார்கள்” என்று சொல்லி முடித்துவிட்டாள். அவள் சொல்வதை நம்பலாமா? தவிர, வெந்நீரில் குளிக்க வருகிறவர்களுக்கு இத்தனை கோபுரங்கள் எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூல் ஓய்வாசிரியர் (கோலாலம்பூர்) எழுதிய மறுமொழி:

அம்மா, முதலில் உங்கள் மகளின் ஊகத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. டயானா என்பவள் ரோமானியர்களின் வேட்டைத் தெய்வம். அந்தக் கோபுரம் திறக்கப்பட்டது 1914-ஆம் ஆண்டில். மகள் நினைத்த இங்கிலாந்து இளவரசி பிறந்ததோ 1961-இல். ஆகையால் அந்த வழி அடைபட்டுவிட்டது. உங்கள் அட்டையில் இருப்பது இன்று ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் பெயரைத் தாங்கி நிற்கும் கோபுரம்.

அதன் கதை இது. கார்லோவி வாரி அந்தக் காலத்தில் ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்ட பொஹீமியாவில் இருந்தது; நகரத்தார் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். நகரின் கிழக்கே ‘நித்திய வாழ்வின் குன்று’ என்று பெயர் பெற்ற மேட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில், 1889-ஆம் ஆண்டில் செங்கல்லால் இந்தக் கோபுரத்தை எழுப்பி முடித்தார்கள். கோபுரத்தின் உயரம் மட்டும் 42 மீட்டர். பேரரசின் பட்டத்து இளவரசரான ருடால்பின் மனைவி ஸ்டெஃபனியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஸ்டெஃபனி பெல்ஜிய நாட்டு அரசர் இரண்டாம் லியோபோல்டின் மகள்; 1881-இல் வாழ்க்கைப்பட்டவர். கோபுரம் நிறைவுற்ற அதே 1889-ஆம் ஆண்டின் ஜனவரி 30 அன்றுதான் ருடால்ப் மாயர்லிங் வேட்டை மாளிகையில், தம் காதலியோடு உயிரிழந்து கிடக்கக் காணப்பட்டார். வருங்காலப் பேரரசிக்காகத் தொடங்கிய கட்டடம், முடிகிறபோது ஓர் இளம் கைம்பெண்ணின் பெயரைத் தாங்கி நின்றது.

‘வார்ட்டே’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு உயரத்திலிருந்து கண்காணிக்கும் இடம் என்று பொருள். தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டிய பரண் என்று நான் வகுப்பில் சொல்லியிருப்பேன், ஆனால் 42 மீட்டர் பரணை எந்தக் குறவன் மகளும் ஏறியிருக்க மாட்டாள்.

கட்டட வரைவைத் தந்தவர்கள் வியன்னாவைச் சேர்ந்த பெல்னர், ஹெல்மர் என்ற இருவர். ஐரோப்பாவின் பல நகரங்களில் நாடக அரங்குகளைக் கட்டியே பேர் வாங்கிய கூட்டாளிகள் இவர்கள். கருங்கடலோரத்து ஒடெசாவின் இசைநாடக அரங்கமும் இவர்கள் கைவேலைதான். கார்லோவி வாரியிலும் நகர அரங்கத்தையும், சந்தைத் தூண்மண்டபத்தையும், பிற்பாடு பேரரசுக் குளியல் மாளிகையையும் கட்டினார்கள். நாடகம் பார்க்க மாடம் கட்டத் தெரிந்தவர்களிடமே மலையைப் பார்க்கவும் ஒரு மாடம் கட்டச் சொன்னதை நகரசபையின் நல்ல சமயோசிதம் என்றே நான் கருதுகிறேன்.

இனி, இத்தனை கோபுரங்கள் எதற்கு என்ற கேள்வி. குளிக்க வருகிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் குடிக்க வருகிறார்கள். பழைய நாளில் நோயாளிகளை வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்கில், தோல் வெடிக்கும் வரை உட்கார வைத்திருந்தார்கள். 1522-இல் வாக்லவ் பாயர் என்ற மருத்துவர் அந்த நீரைக் குடிக்கவும் வேண்டும் என்று நூல் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் பெஹர் என்ற மருத்துவர், ஊற்றின் அருகிலேயே நின்று அளவாகக் குடிக்க வேண்டும், குடித்தபின் நடக்க வேண்டும் என்று முறைப்படுத்தினார். கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு உலாவுவதே மருத்துவம் என்று ஆனபின், உலாவுவதற்குப் பாதை வேண்டும், பாதைக்கு ஒரு முடிவு வேண்டும், அந்த முடிவில் மூச்சு வாங்க உட்கார்ந்து பார்க்க ஏதாவது வேண்டும். ஆனால் அங்குள்ள குன்றுகள் மரம் மூடியவை. உச்சிக்கே போனாலும் எதிரே மரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. மரத்துக்கு மேலே தலையை நீட்டுவதற்குத்தான் கோபுரம்.

மூன்றாவது கோபுரத்தைப் பற்றி ஒரு வரி: நான்காம் சார்லஸின் பெயரில் இருப்பது இம்மூன்றில் பழையது. 1870-களின் நடுவில் கட்டப்பட்டபோது அதற்குப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் பெயர் இருந்தது. முதல் உலகப் போருக்குப்பின் அந்தப் பேரரசு மறைந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. பேரரசரும் போனார், மருமகளும் போனார். ஸ்டெஃபனியின் இடத்தில் கோத்தேயை உட்கார வைத்தார்கள்.

தபால்தலைப் பித்தன் (பட்டர்வொர்த்) எழுதிய மறுமொழி:

ஆசிரியர் ஐயா சொன்னது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் பெயரை மட்டும் நம்பாமல் அட்டையைக் கொண்டே காலத்தைச் சோதித்துவிடலாம். அக்கா, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் செய்திக்கும் வலப்பக்கம் முகவரிக்கும் என்று பிரித்திருக்கிறதா, அல்லது பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறதா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் படஅட்டையின் பின்பக்கத்தில் முகவரியைத் தவிர வேறெதையும் எழுத அஞ்சல் விதிகள் இடம் தரவில்லை. சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்தில் கிடைத்த வெள்ளை இடத்தில் நெருக்கி எழுதுவார்கள். பிரிட்டன் 1902-இல் பின்பக்கத்தைப் பிரித்துக்கொள்ள அனுமதித்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1905-ஐ ஒட்டி அதே வழிக்கு வந்தன. ஆகவே கோடில்லாத பின்பக்கமாக இருந்தால், அட்டை பெரும்பாலும் அதற்கு முன்பு அச்சானது. 1914-இல் திறந்த டயானா கோபுரம் அதில் வருவதற்கு வழியே இல்லை.

தபால்தலை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஆஸ்திரியத் தபால்தலைகளில் 1900-ஐ ஒட்டிய காலம் வரை ‘கிராய்ட்சர்’ என்றும், அதன்பின் ‘ஹெல்லர்’ என்றும் விலை போட்டிருப்பார்கள்.

தண்ணீர்மலை வாசகி:

தம்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். பின்பக்கத்தில் நடுக்கோடு இல்லை. முகவரி எழுத நான்கு புள்ளிக்கோடுகள் மட்டுமே இருக்கின்றன. தபால்தலையை உங்களைப் போன்ற ஒரு பித்தர் என்றைக்கோ உரித்து எடுத்துவிட்டார். அந்த இடத்தில் பழுப்பான சதுரம்தான் மிச்சம். முத்திரையின் பாதி வட்டத்தில் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்துகள் தெரிகின்றன, ஆண்டு தெரியவில்லை. செய்தி, நீங்கள் சொன்னதுபோலவே, படத்தின் வலது ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருக்கிறது. முன்பு அதைப் பார்த்தபோது, காகிதம் வாங்கக் காசில்லாத யாரோ எழுதியது என்று நினைத்தேன். பாவம், விதி அப்படி இருந்திருக்கிறது.

பழைய கிள்ளான் சாலைக்காரன் (கோலாலம்பூர்) எழுதிய மறுமொழி:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தில் ஒரு படி விடுபட்டிருக்கிறது என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். ஸ்டெஃபனியை எழுப்பிவிட்டு உடனே கோத்தேயை உட்கார வைத்ததாக எழுதியிருக்கிறார். இடையில் அந்த நாற்காலியில் ஸ்டாலின் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த நகரத்தின் ஜெர்மானியக் குடிகளில் மிகப் பெரும்பாலோரை வெளியேற்றினார்கள். அவர்களோடு கார்ல்ஸ்பாட் என்ற பெயரும் வழக்கொழிந்தது. அந்தக் காலத்தில் கோபுரம் ‘ஸ்டாலின் நோக்கிடம்’ ஆயிற்று. ஸ்டாலின் 1953-இல் இறந்தார். 1956-இல் சோவியத் தலைவர் குருஷேவ் அவருடைய குற்றங்களை எடுத்துரைத்து உரையாற்றினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1957-இல், கோபுரம் கோத்தேயின் பெயருக்கு மாறியது. ஆக 1889-இல் இருந்து 1957-க்குள், எழுபது ஆண்டுகூட நிறையாத காலத்தில், ஓர் இளவரசியும் ஒரு சர்வாதிகாரியும் ஒரு கவிஞரும் அதே செங்கல்லின்மேல் பெயர் எழுதிவிட்டார்கள்.

கோத்தே அந்தக் கோபுரத்தில் ஏறினாரா என்று யாராவது கேட்கக்கூடும். அவர் இறந்தது 1832-இல். கோபுரம் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிற்பட்டது. ஆனால் நகரத்தோடு அவருக்கு இருந்த உறவு பொய்யன்று. 1785-இல் முதன்முறை வந்தவர் 1823 வரை மொத்தம் 13 முறை வந்து தங்கினார். கவிஞராக மட்டும் வரவில்லை. அந்தக் குன்றுகளில் சுத்தியலோடு அலைந்து பாறைத் துண்டுகளைச் சேகரித்து, அவற்றைப் பற்றி எழுதியும் இருக்கிறார். புதிய அரசு ஒரு ஜெர்மன் பெயரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிக்காத ஒரே ஜெர்மானியராக அவர்தான் கிடைத்திருப்பார் என்பது என் சொந்த எண்ணம்.

பெயர் மாற்றத்தைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை. பினாங்கில் பிட் ஸ்திரீட்டை மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்றும், இங்கே பத்து ரோட்டைத் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை என்றும் மாற்றிப் பல காலமாகியும், என் தாயார் கடைசி வரை பத்து ரோட்டுக்குத்தான் சேலை எடுக்கப் போனார். கார்லோவி வாரியில் அப்படிப் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க ஆளில்லாமல் போனதுதான் வித்தியாசம். பழைய பெயரைச் சொல்லக்கூடிய வாய்கள் ஊரைவிட்டே போய்விட்டன. அதனால்தான் அம்மா வரைபடத்தில் தேடியும் ஸ்டெஃபனி அகப்படவில்லை.

செந்தூல் ஓய்வாசிரியர்:

தவறு என்னுடையதே, திருத்தியமைக்கு நன்றி. ஸ்டாலினை மறந்துவிட்டு வரலாறு எழுதினால் என் பழைய மாணவர்களே மதிப்பெண் தர மாட்டார்கள். ஊர்ப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். செக் மொழியில் ‘வாரி’ என்பது கொதித்தல் என்ற சொல்லோடு உறவுடையது; ஆகவே கார்லோவி வாரி என்றால் சார்லஸ் மன்னரின் கொதிநீர் என்று கொள்ளலாம். நகரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் ‘தெப்லா’. வெதுவெதுப்பானது என்று பொருள். அங்குள்ள பெரிய ஊற்று 73 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லிட்டர் நீரை 12 மீட்டர் உயரம் வரை பீய்ச்சுவதால், பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தியதாகச் சொல்ல முடியாது.

ஆயர் ஈத்தாம் பழைய மெக்கானிக் (பினாங்கு) எழுதிய மறுமொழி:

கோபுரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கையின் மகள் ஏறப்போகும் அந்த மலை ரயிலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் பினாங்குக் கொடிமலை ரயிலுக்கு மூத்த சகோதரம்.

டயானா கோபுரத்துக்குப் போகும் கம்பிவட ரயிலை 1912-இல் திறந்தார்கள். பூப் என்ற பெரிய விடுதியின் பின்புறத்திலிருந்து ஏறுகிறது. பாதையின் நீளம் 450 மீட்டர் அளவுதான். நம் கொடிமலை ரயில் ஓடத் தொடங்கியது 1923 அக்டோபரில். முறைப்படி திறந்து வைத்தது 1924 புத்தாண்டு நாளில். நம்முடைய பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் ஓடுகின்றன: ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி, ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றதை மேலே இழுக்க உதவுகிறது, இயந்திரம் சுமக்க வேண்டியது இரு பக்கத்துப் பயணிகளின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டுமே. நடுவழியில் பாதை இரண்டாகப் பிரிந்து, பெட்டிகள் ஒன்றையொன்று கடந்தபின் மறுபடி ஒன்றாகச் சேரும். கார்லோவி வாரியில் அந்த இடத்திலேயே ‘மான் பாய்ச்சல்’ என்ற நிலையத்தை வைத்திருக்கிறார்கள். நான்காம் சார்லஸ் மன்னர் வேட்டையாடும்போது துரத்திய மான் அங்கிருந்து பாய்ந்ததால்தான் வெந்நீரூற்று கண்டுபிடிக்கப்பட்டது என்பது அவர்களுடைய தலபுராணம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாறையின் மேல் நிற்கும் சிலை மானுடையதன்று, மலையாட்டினத்தைச் சேர்ந்த ஒரு விலங்குடையது.

கொடிமலையில் முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011-இல் புதுப்பித்தபின் நேரே உச்சிக்குப் போகலாம் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். மாறும் இடத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்ற சுகம் இப்போது இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று. நம் மலையின் உச்சியில் கொடிமரம் வைத்ததற்கு வேலை இருந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பலை மேலிருந்து பார்த்துக் கீழே இருப்பவர்களுக்குக் கொடி காட்டினார்கள். மலாயில் புக்கிட் பெண்டேரா, தமிழில் கொடிமலை. செய்த வேலையையே பெயராக வைத்துவிட்டதால் பிரிட்டிஷார் போனபின்னும் யாரும் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்டெஃபனி கோபுரத்தை யாரும் எந்தக் கப்பலுக்காகவும் கட்டவில்லை. சும்மா பார்ப்பதற்காகக் கட்டினார்கள். சும்மா நிற்கும் கட்டடத்துக்கு யார் பெயரையும் வைக்கலாம் போலிருக்கிறது.

தண்ணீர்மலை வாசகி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழை முழுவதையும் நேற்றிரவு மகளுக்குப் புலனத்தில் அனுப்பிவிட்டேன். டயானா இளவரசியைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பதில் எழுதவில்லை. பிறகு, “சரி அம்மா, கோத்தேயிடமே போகிறேன்” என்று எழுதினாள்.

வரைபடத்தை வைத்து நாங்கள் இருவரும் வழியையும் பார்த்துக்கொண்டோம். டயானா ஆற்றின் மேற்குக் கரையிலும் கோத்தே கோபுரம் கிழக்குக் கரையிலும் இருப்பதால், மலை ரயிலில் ஏறினால் அட்டையிலுள்ள குன்றுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்திருப்பாள். இங்கே கேட்காமல் விட்டிருந்தால் தவறான குன்றின் உச்சியில் நின்று அழகாகச் சிரித்திருப்பாள். நானும் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். இப்போதைய ஏற்பாட்டின்படி காலையில் காட்டுவழியே நடந்து கிழக்குக் குன்றுக்குப் போய், கோபுரத்தின் 165 படிகளையும் ஏறிவிட்டு, மாலையில் கால் ஓய்ந்தபின் தோழிகளோடு ரயிலில் டயானாவுக்குப் போகிறாள்.

தபால்தலைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் ஓரத்தில் உள்ள அந்த எறும்பு எழுத்து பழைய ஜெர்மன் கையெழுத்தாகத் தெரிகிறது. இரண்டு சொற்களுக்குமேல் என்னால் கூட்ட முடியவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் வட்டத்தில் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை படகேறி அட்டையை நானே கொண்டுவருகிறேன்.